பிரேக் இல்லாத வண்டியும் பூட்டிய ஆய்வுகூடமும்

"வண்டி ஓடினது தாத்தா. ஆனால் நிற்க வேண்டிய இடத்திலே நிற்கேல்லை."

அமெரிக்காவிலே இரசாயனப் பொறியியல் பயிலும் என் தங்கையின் பேரன், சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் சொன்ன முதல் வசனம் இது. குரலில் சோர்வு தெரிந்தது. நாற்பது வருடங்களாகச் செய்தி எழுதிய புத்தி விபத்தைத்தான் முதலில் நினைக்கும். யாருக்கும் காயமில்லையே என்று பதறிப்போய்க் கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "சப்பாத்துப் பெட்டி அளவு வண்டி தாத்தா. அதுக்கு பிரேக்கே இல்லை" என்றான்.

பிரேக் இல்லாத வண்டியை ஏன் செய்தீர்கள் என்ற என் அடுத்த கேள்விக்கு அவன் தந்த பதில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் நீண்டது. தொலைபேசியை வைத்த பின்னரும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை. அவன் கூறியவற்றையும், அதன் பின்னர் நான் தேடி வாசித்தவற்றையும், அவற்றால் கிளறப்பட்ட பழைய கதை ஒன்றையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

அமெரிக்க இரசாயனப் பொறியியலாளர் நிறுவகம் 1908 ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்ட தொழில்சார் அமைப்பாகும். பல்கலைக்கழக மாணவர்களுக்காக 1999 ஆம் ஆண்டிலிருந்து 'கெம்-ஈ-கார்' என்னும் போட்டியை அது நடத்தி வருகின்றது. பிராந்திய மட்டத்தில் தேறும் அணிகள் நிறுவகத்தின் வருடாந்த மாநாட்டின்போது இறுதிப் போட்டியில் மோதும். அமெரிக்காவுக்கு வெளியே, இந்தியா உட்படப் பல நாடுகளின் மாணவர்களும் இப்போட்டிகளில் பங்குபற்றுகின்றனர்.

விதிகள் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறினாலும் அடிப்படை மாறவில்லை. சிறிய வண்டி ஒன்றை மாணவர்களே வடிவமைத்துச் செய்ய வேண்டும். அதனை ஓட்டும் சக்தி ஓர் இரசாயனத் தாக்கத்திலிருந்து மட்டுமே வரவேண்டும். (தாக்கம் என்று நாம் பாடசாலையில் படித்ததைத் தமிழகத்து வாசகர்கள் வேதிவினை என்பர்.) கடையில் வாங்கிய பற்றரியை மோட்டாரில் இணைத்து ஓட்ட முடியாது. வண்டியை நிறுத்துவதும் ஓர் இரசாயனத் தாக்கமாகவே இருக்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் கூடாது. நேரத்தை அளந்து மோட்டாரை நிறுத்தும் மணிக்கூட்டுப் பொறி கூடாது. தூர இயக்கி கூடாது. வண்டி புறப்பட்ட பின்னர் யாரும் அதனைத் தொடக் கூடாது.

இங்கேதான் விளையாட்டின் சூட்சுமம் இருக்கின்றது. வண்டி எவ்வளவு தூரம் ஓடவேண்டும் என்பது போட்டிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னர்தான் மாணவர்களுக்குத் தெரியவரும். 15 மீற்றருக்கும் 30 மீற்றருக்கும் இடையில் ஏதோ ஒரு தூரம். அத்தோடு வண்டி சுமக்க வேண்டிய பாரமும் அப்போதுதான் அறிவிக்கப்படும். வெறுமையாகவும் ஓட நேரலாம், 500 மில்லிலீற்றர் வரை தண்ணீரைச் சுமந்தும் ஓட நேரலாம். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு ஓட்டங்கள், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் இரண்டு நிமிடங்கள். வேகமாக ஓடிய வண்டி வெல்வதில்லை. குறித்த கோட்டுக்கு மிக அருகில் நின்ற வண்டியே வெல்லும்.

இதை வாசித்தபோது எனக்குத் தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. அது தற்செயலானதன்று. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாட்டுக்கு எரிபொருளும் பற்றரியும் இன்னும் எத்தனையோ பொருட்களும் தடைசெய்யப்பட்டிருந்தன. பெற்றோல் கண்ணில் படாத அக்காலத்தில் எங்கள் மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் அவை தாமாகப் புறப்படமாட்டா. சாதாரண வெப்பநிலையில் பெற்றோல் இலகுவில் ஆவியாகும், மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவியாவதில்லை. ஆகவே சிறிய போத்தல் ஒன்றில் பொன்போலப் பாதுகாத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்குவார்கள். அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய் தன் வேலையைத் தொடங்கும். கரும்புகை கக்கிக்கொண்டு வண்டி ஓடும். வழியில் எங்கேனும் நிறுத்த வேண்டி வந்தாலும் இயந்திரத்தை அணைக்க மனம் வராது. அணைத்தால் மீண்டும் சில துளிகள் பெற்றோல் வேண்டுமே!

பாடசாலையில் இரசாயனவியலே படிக்காத எங்கள் கராஜ்காரர்கள் ஆவியாதலையும் தகனத்தையும் கையால் அறிந்திருந்தார்கள். பேரனிடம் இதைச் சொன்னேன். "அப்ப நீங்கள் எல்லாரும் இரசாயனத்தாலே வண்டி ஓட்டியிருக்கிறீங்கள்" என்றான். உண்மைதான். பெற்றோலில் ஓடும் எந்த வண்டியும் இரசாயனத் தாக்கத்தால்தான் ஓடுகின்றது. ஆனால் நாங்கள் இரசாயனத்தால் ஓடவைத்தோம், காலால் பிரேக்கை மிதித்து நிறுத்தினோம். காலின் வேலையையும் இரசாயனத்திடமே ஒப்படைக்கச் சொல்கின்றது இவர்களுடைய போட்டி.

ஓடவைப்பதற்கு வழிகள் பல. அடுக்களை வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்தால் காபனீரொட்சைட்டு வாயு பொங்கியெழும். மூடிய கலத்துக்குள் அதன் அமுக்கத்தைத் திரட்டினால் அது வண்டியைத் தள்ளும். ஐதரசன் பேரொட்சைட்டை ஊக்கி ஒன்றின் துணையோடு பிரியவைத்து வரும் ஒட்சிசனின் அமுக்கத்தையும் அவ்வாறு பயன்படுத்தலாம். ஐதரசனையும் ஒட்சிசனையும் கொண்டு மின்னுண்டாக்கும் எரிபொருட் கலத்தின் தத்துவத்தை வில்லியம் குரோவ் 1839 ஆம் ஆண்டிலேயே செய்து காட்டியிருக்கின்றார். அதைப் பயன்படுத்தும் அணிகளும் உண்டு. நாகத்தையோ அலுமினியத்தையோ வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுறச் செய்து மின்னெடுக்கும் கலங்களை மாணவர்களே கட்டுவதும் வழக்கம். கடைப் பற்றரிக்குத்தான் தடை, தானே கட்டிய மின்கலத்துக்குத் தடையில்லை. பேரனுடைய அணி தேர்ந்தெடுத்தது நாக-வளிக் கலங்களை.

நிறுத்துவதுதான் கடினம். அதிலே புகழ்பெற்ற வழி 'அயடீன் கடிகாரம்'. சுவிற்சர்லாந்தில் பிறந்து ஜேர்மனியில் பணியாற்றிய ஹான்ஸ் லண்டோல்ற் என்னும் இரசாயனவியலாளர் 1886 ஆம் ஆண்டு இதனைக் கண்டறிந்தார். பின்னர் இதற்குப் பல வடிவங்கள் தோன்றின. நிறமற்ற இரு கரைசல்களை ஒன்றாகக் கலப்பார்கள். ஒன்றுமே நிகழவில்லை என்று தோன்றும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழிந்ததும், யாரும் தொடாமலே, கரைசல் கண்ணிமைப்பொழுதில் கருநீலமாக மாறிவிடும். முதன்முறை பார்ப்பவருக்கு இது மாயவித்தை.

மாயம் எதுவுமில்லை. கரைசலுக்குள் இரண்டு தாக்கங்கள் நடக்கின்றன. ஒன்று மெதுவாக அயடீனை உண்டாக்குகின்றது. மற்றையது அவ்வாறு உண்டாகும் அயடீனை உடனுக்குடன் விழுங்கிவிடுகின்றது. விழுங்கும் வேலையைச் செய்வது உயிர்ச்சத்து 'சி' ஆகவோ தயோசல்பேற்று ஆகவோ இருக்கலாம். அது தீரும் வரைக்கும் நிறமில்லை. தீர்ந்த கணத்தில் அயடீன் சேரத் தொடங்கி, கரைசலில் உள்ள மாப்பொருளுடன் கூடிக் கருநீலமாகின்றது. ஒருவர் மெதுவாக உழைத்துக் கொண்டுவரும் பணத்தை மற்றவர் வந்த வேகத்திலேயே செலவழிக்கும் வீட்டில், செலவாளி வெளியூர் போன அன்றுதான் பெட்டியில் பணம் தெரியத் தொடங்கும். அது போலத்தான்.

இதனை வண்டியில் பொருத்தும் முறையும் எளிமையானது. கரைசல் உள்ள கண்ணாடிக் குப்பியின் ஒரு பக்கத்தில் சிறு விளக்கு, மறுபக்கத்தில் ஒளியை உணரும் சிறு உறுப்பு. கரைசல் தெளிவாக இருக்கும்வரை ஒளி ஊடுருவும், மோட்டாருக்கு மின் செல்லும். கருநீலமானதும் ஒளி மறைந்து மின்சுற்று அறுபடும், வண்டி நிற்கும். விழுங்கும் பொருளின் அளவைக் கூட்டினால் வண்டி கூடிய தூரம் ஓடும், குறைத்தால் விரைவில் நிற்கும்.

இன்னொரு வழி இதனிலும் நேரடியானது. மகனீசிய நாடா ஒன்றை மின்சுற்றின் ஒரு பகுதியாக்கி அமிலத்தில் அமிழ்த்துவது. அமிலம் மகனீசியத்தைக் கரைத்துக்கொண்டே போகும். நாடா அறுந்ததும் சுற்று அறுபடும். அமிலத்தின் செறிவே அங்கு கடிகாரம்.

கவனியுங்கள். இந்த இரண்டு வழிகளிலுமே, நிற்பதற்கான தாக்கம் வண்டி புறப்படும் வேளையிலேயே தொடங்கிவிடுகின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் தீர்மானம் அன்று அது. புறப்படுவதற்கு முன்னரே, எங்கே நிற்பது என்பதைக் கணக்கிட்டுக் குப்பிக்குள் ஊற்றிவிட்டார்கள். பிறகு செய்யக்கூடியது கைகட்டிப் பார்த்திருப்பது மட்டுமே.

அந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். வண்டி செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது என்று கொள்வோம். 24 மீற்றர் ஓட 80 செக்கன்கள் வேண்டும். கரைசல் இரண்டு செக்கன் பிந்தி நிறம் மாறினால் வண்டி 60 சென்ரிமீற்றர் தாண்டிவிடும். தண்ணீரைச் சுமந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் நேரம் கூட வேண்டும், நேரம் கூடுவதற்குச் செறிவு மாறவேண்டும். இவை எல்லாவற்றையும் முன்கூட்டியே பலமுறை ஓட்டிப் பார்த்து வரைபுகளாகக் குறித்து வைத்திருப்பார்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில் வரைபைப் பார்த்து, அளந்து ஊற்றுவார்கள்.

பேரனுடைய அணி மாதக்கணக்காக அவ்வாறுதான் உழைத்திருக்கின்றது. போட்டியன்று குறிக்கப்பட்ட தூரம் 24 மீற்றர். வரைபு சொன்ன அளவைத் துல்லியமாக ஊற்றினார்கள். வண்டி நேராக ஓடியது. கோட்டை நெருங்கியது. கோட்டைத் தாண்டியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அமைதியாகிவிட்டார்களாம். மூன்றரை மீற்றர் அப்பால் போய் நின்றது.

காரணத்தைத் தேடுவதற்கு அவர்களுக்குக் கிடைத்தது அடுத்த ஓட்டம் வரையுள்ள சிறிது நேரமே. கலத்தைச் சோதித்தார்கள். சக்கரத்தைச் சோதித்தார்கள். அணியிலிருந்த மாணவி ஒருத்திதான் கரைசலுக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்திருக்கின்றாள். தங்கள் ஆய்வுகூடத்தில் இருந்ததைவிட இரண்டு பாகை குறைவு! போட்டி நடந்த மண்டபத்தின் குளிரூட்டி செய்த வேலை. வெப்பநிலை பத்துப் பாகை மாறினால் தாக்கத்தின் வீதம் ஏறக்குறைய இரு மடங்காகவோ அரைவாசியாகவோ மாறும் என்பது மாணவர்கள் மனனம் செய்யும் பொதுவிதி. அவ்விதிப்படி இரண்டு பாகை குளிர்ந்தால் 80 செக்கன் 92 செக்கனாகும். மிகையான பன்னிரண்டு செக்கனில் வண்டி மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். கணக்கு அப்படியே பொருந்தியது. இரண்டாவது ஓட்டத்தில் அளவைத் திருத்தினார்கள். வண்டி கோட்டுக்கு 40 சென்ரிமீற்றர் முன்னால் நின்றது. பரிசு இல்லை. நடுவில் ஓரிடம்.

"அந்த விதி எனக்குத் தெரியும் தாத்தா. சோதனையிலே எழுதி முழுப் புள்ளியும் எடுத்தனான். ஆனால் மண்டபத்துக்குள்ளே போகேக்கை குளிருது எண்டு சட்டையை இழுத்துப் போட்டனே தவிர, கரைசலுக்கும் குளிரும் எண்டு யோசிக்கேல்லை."

அவன் இதைச் சொன்னபோது நான் பதில் பேசவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதாமல் விட்ட ஒரு வசனம் என் முன்னால் வந்து நின்றது.

அப்போது க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகியிருந்தன. வடபகுதிக் கிராமம் ஒன்றில், மூன்று பாடங்களிலும் 'ஏ' பெற்ற மாணவி ஒருத்தியைப் பேட்டி காண்பதற்காகச் சென்றிருந்தேன். தகப்பன் கமக்காரர். இடப்பெயர்வுகளுக்கு நடுவே படித்த பிள்ளை. தேநீர் வந்தது, புகைப்படம் எடுத்தாயிற்று. இரசாயனவியலில் எந்தப் பகுதி பிடிக்கும் என்று கேட்டேன். தாக்க வீதம் என்று சொல்லி, சமன்பாடுகளை ஒரு தயக்கமுமின்றி ஒப்புவித்தாள். இதையெல்லாம் பாடசாலையில் செய்து பார்த்திருக்கின்றீர்களா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"இல்லை சேர். ஆய்வுகூடம் பூட்டித்தான் கிடக்கும். பொருட்கள் முடிஞ்சுபோனால் கணக்குக் காட்டவேணும் எண்டு திறக்கமாட்டினம். என்ன நிறம் வரும் எண்டு எழுதத் தெரியும். பார்த்ததில்லை."

அந்த மூன்று சொற்களை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பத்திரிகையில் எழுதவில்லை. அது ஒரு மகிழ்ச்சியான செய்தி. வறுமையை வென்ற மாணவி, போரை வென்ற கல்வி என்று தலைப்பும் தயாராகிவிட்டது. அதற்குள் பூட்டிய கதவைக் கொண்டுவந்தால் செய்தியின் சுவை கெடும் என்று நினைத்தேன். பாடசாலையின் பெயரும் கெடும் என்று அஞ்சினேன். ஆசிரியபீடத்தில் யாரும் வெட்டவில்லை. நானே வெட்டினேன். அந்தக் குற்ற உணர்வில்தான் இன்று இதனை எழுதுகின்றேன்.

வேதனை என்னவென்றால், பேரனுடைய வண்டியை நிறுத்தக்கூடிய இரசாயனம் எதுவும் நமது பிள்ளைகளுக்குப் புதியதன்று. மகனீசியத்தை அமிலத்துடன் தாக்கமுறச் செய்து வீதத்தை அளப்பதும், தயோசல்பேற்றையும் அமிலத்தையும் கலந்து, தோன்றும் கந்தகத்தின் கலங்கலில் கீழே வரைந்த புள்ளடி மறைவதற்கு எடுக்கும் நேரத்தைக் குறிப்பதும் உயர்தர இரசாயனவியலில் மாணவர்கள் செய்யவேண்டிய பரிசோதனைகள். புள்ளடியை மறைக்கும் அதே கலங்கல் ஒளியை மறைத்து வண்டியையும் நிறுத்தும். அறிவு நம்மிடம் இருக்கின்றது. அதைச் சக்கரத்தின் மேல் ஏற்றுவதற்குத்தான் ஆளில்லை.

ஏன் இல்லை என்பதும் தெரியாததன்று. உயர்தரப் பரீட்சையே பல்கலைக்கழக வாசலின் ஒரே திறப்பு. 2001 ஆம் ஆண்டிலிருந்து இஸற் புள்ளியின் தசமத் தானங்கள் ஒரு பிள்ளையின் வாழ்வைத் தீர்மானிக்கின்றன. அந்தத் தசமத்துக்காகப் பிள்ளைகள் விடியற்காலை தொடங்கி இரவுவரை ஒரு ரியூற்றரியில் இருந்து இன்னொரு ரியூற்றரிக்குச் சைக்கிள் மிதிக்கின்றார்கள். நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் கொட்டகையில் பரிசோதனை எப்படிச் செய்வது? ஆசிரியர் கரும்பலகையில் குப்பியை வரைகின்றார். நிறத்துக்கு நிறச் சுண்ணக்கட்டி. நான் அவர்களைக் குறைகூறவில்லை. பரீட்சை எதைக் கேட்கின்றதோ அதைத்தான் அவர்கள் விற்கின்றார்கள், பெற்றோர் வாங்குகின்றார்கள்.

ஆனால் கரும்பலகையில் வரைந்த குப்பி ஒருபோதும் குளிர்வதில்லை. அதில் ஊற்றும் அமிலம் எப்போதும் சொன்ன செறிவிலேயே இருக்கும். வினாத்தாளில் வெப்பநிலை மாறவில்லை எனக் கொள்க என்று எழுதிவிட்டால் அது மாறாது. பொறியியலாளன் ஆகப்போகும் பிள்ளை ஒரு நாள் அந்த 'எனக் கொள்க' இல்லாத உலகத்துக்குள் நுழைய வேண்டும். சப்பாத்துப் பெட்டி அளவு வண்டி மூன்றரை மீற்றர் தாண்டிப்போவதால் ஒருவரும் சாவதில்லை. தொழிற்சாலையில் ஒரு தாக்கம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் என்ன நேரும் என்பதை 1984 டிசம்பரில் போபால் உலகுக்குக் காட்டியது. நச்சு இரசாயனம் இருந்த தாங்கிக்குள் தண்ணீர் புகுந்து தொடங்கிய தாக்கத்தை நிறுத்துவதற்கு அன்றிரவு எதுவும் ஒழுங்காக இயங்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிறுத்துவதைப் பற்றி ஓடவைப்பதற்கு முன்னரே சிந்திக்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே ஊட்டுவது விளையாட்டுக் காரியமன்று.

இப்போட்டியைப் பற்றிக் குறை சொல்வோரும் உளர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கின்றது. பணமுள்ள பல்கலைக்கழகங்கள் விலையுயர்ந்த பாகங்களை வாங்கிப் பூட்டுகின்றன, உணரிகளும் மின்னணுச் சுற்றுகளும் பெருகி இரசாயனம் பின்னுக்குப் போய்விடுகின்றது என்பது ஒரு குறை. ஒரு நாள் போட்டிக்காகப் பல மாதங்கள் படிப்பைக் கெடுப்பதா என்பது இன்னொரு குறை. அமுக்கமும் அமிலமும் ஐதரசனும் இளைஞர் கைகளில் ஆபத்தானவை என்பது மூன்றாவது. மூன்றாவது குறையைப் போட்டியை நடத்துபவர்களே பாரதூரமாக எடுத்திருக்கின்றார்கள். வண்டியில் உள்ள ஒவ்வோர் ஆபத்தையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் எழுத்தில் ஆவணமாக்கிக் கொடுக்காத அணியின் வண்டி களத்தில் இறங்கமுடியாது. வண்டி செய்வதைவிட அந்த ஆவணத்தை எழுதுவதற்குத்தான் தாங்கள் கூடப் பாடுபட்டதாகப் பேரன் சொன்னான். இதுவும் கல்விதானே!

நமது நாட்டில் இதைச் சொல்லும்போது "அமெரிக்காவுக்குச் சரி, எங்களிடம் வசதி எங்கே?" என்ற கேள்வி எழும். அதனால்தான் விலைப்பட்டியலை யோசித்துப் பார்த்தேன். அயடீன் கடிகாரத்தின் எளிய வடிவத்துக்கு வேண்டியவை நான்கு: மருந்துக் கடையில் புண்ணுக்குப் பூச விற்கும் அயடீன் கரைசல், அதே கடையில் புண் கழுவ விற்கும் ஐதரசன் பேரொட்சைட்டு, உயிர்ச்சத்து 'சி' வில்லை, வீட்டில் வடித்த கஞ்சி. மின்கலத்துக்குச் சமையல் அலுமினியத் தாள், உப்புத் தண்ணீர், கரித்தூள். தேங்காய்ச் சிரட்டையில் இருந்து ஏவப்பட்ட காபன் என்னும் உயர்ரகக் கரியைச் செய்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் நாடு நமது நாடு. அந்தக் கரியில் ஒரு பிடி நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காதா? உடைந்த விளையாட்டுப் பொருளில் இருந்து மோட்டாரும் சக்கரமும் எடுக்கலாம். பார்வைக்கு ஓர் ஆசிரியரும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும், திறந்த கதவும் வேண்டும். திறந்த கதவுதான் இவற்றில் அரிய பொருள் என்று அஞ்சுகின்றேன்.

அந்தக் கதவு பூட்டியிருப்பதற்கு ஆசிரியரை மட்டும் குற்றஞ்சாட்டுவதும் தகாது. ஒரு குப்பி உடைந்தால் விளக்கம் எழுத வேண்டும், ஒரு போத்தல் தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. பயன்படுத்தினால் குற்றம், பயன்படுத்தாவிட்டால் கணக்குச் சரி என்ற நிலையில் எவரும் பூட்டத்தான் செய்வர். ஆகவே தீர்வு வெளியில் இருந்தும் வரவேண்டும்.

இவ்விடத்தில் கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் வாசகர்களிடம் ஒன்று கேட்க விரும்புகின்றேன். உங்கள் பழைய மாணவர் சங்கங்கள் ஊர்ப் பாடசாலைகளுக்குச் செய்த உதவிகளை நான் அறிவேன். பல பாடசாலைகள் இடிபாடுகளில் இருந்து எழுந்ததற்கு அவையும் காரணம். ஆனால் அண்மைக் காலமாக நான் காண்பவை பெரும்பாலும் அலங்கார வளைவுகள், மண்டபங்கள், கொடையாளர் பெயர் பொறித்த கற்கள். கல்லுக்குச் செலவிட்டால் கல் மிஞ்சும், படம் எடுக்கலாம். அமிலத்துக்குச் செலவிட்டால் அது கரைந்து போய்விடும், பெயர் பொறிக்க இடமில்லை. ஆயினும் ஒரு வளைவுக்கு ஆகும் செலவில் எத்தனை ஆண்டுகள் எத்தனை பிள்ளைகள் அந்தக் கருநீலத்தைக் கண்ணால் காணலாம் என்று ஒரு முறை கணக்குப் பாருங்கள். மருந்து தீர்ந்தால் மீண்டும் வாங்கித் தருவோம் என்று பாடசாலைக்கு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு மாவட்டத்தின் பாடசாலைகளைச் சேர்த்து இப்படி ஒரு சிறு வண்டிப் போட்டியை நடத்துங்கள். இரசாயனப் பொறியியல் துறை உள்ள பேராதனையிலும் மொரட்டுவையிலும் படித்து வெளியேறிய நம்மவர்கள் பலர் உலகமெங்கும் இருக்கின்றார்கள். நடுவர்களுக்குப் பஞ்சமிராது.

ஒரு நிபந்தனை மட்டும். அந்தப் போட்டிக்குப் புள்ளி கொடுத்து இஸற் புள்ளியோடு சேர்க்க வேண்டாம். சேர்த்தால் அடுத்த மாதமே 'வண்டிப் போட்டிக்கு உறுதியான வழிகாட்டல்' என்று ரியூற்றரிச் சுவரில் விளம்பரம் வந்துவிடும், பிள்ளைகள் செய்முறையை மனனம் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

தொலைபேசியை வைப்பதற்கு முன்னர் பேரனிடம் கேட்டேன்: "அடுத்த வருடமும் போவியோ?"

"போவன் தாத்தா. இந்த முறை வெப்பமானி வண்டிக்குள்ளேயே இருக்கும்."

அவனுக்கு அந்த விதி இனி மறக்காது. நான் பேட்டி கண்ட அந்த மாணவி இப்போது எங்கேயோ ஒரு பெரிய பதவியில் இருக்கக்கூடும். அவள் சொன்ன வசனத்தை உரிய காலத்தில் அச்சேற்றியிருந்தால் ஒரு கதவாவது திறந்திருக்குமோ என்னவோ. "என்ன நிறம் வரும் எண்டு எழுதத் தெரியும். பார்த்ததில்லை." காலம் பிந்தியேனும், வெட்டாமல், அதனை இங்கே எழுதி வைக்கின்றேன்.